இருமல் மருந்தும் வெடித்த ஆலையும்: மருந்துத் தொழிலில் கண்காணிப்பு தவறுவது எங்கே?

புதுதில்லி: தெலங்கானா மாநிலம் சங்காரெட்டி மாவட்டத்தில் உள்ள பாசமைலாரம் தொழிற்பேட்டையில், 2025 ஜூன் 30-ஆம் தேதி காலை சிகாச்சி இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தின் ஆலை வெடித்துச் சிதறியது. 46 பேர் உயிரிழந்தனர். உடல்கூடக் கிடைக்காத 8 பேரும் இறந்தவர்களாகவே கருதப்பட்டனர். இதற்கு மூன்று மாதங்களுக்குள், மத்தியப் பிரதேச மாநிலம் சிந்த்வாரா மாவட்டத்தில் சாதாரணச் சளி, காய்ச்சலுக்குச் சிகிச்சை பெற்ற குழந்தைகள் ஒருவர்பின் ஒருவராகச் சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர். உயிரிழப்பு 20-ஐத் தாண்டியது.

முதலாவது, தொழிலாளர் துறை கவனிக்க வேண்டிய தொழிற்சாலை விபத்தாகப் பதிவானது. இரண்டாவது, சுகாதாரத் துறை கவனிக்க வேண்டிய மருந்துக் கலப்பட வழக்காகப் பதிவானது. இரண்டுக்கும் தனித்தனி விசாரணை, தனித்தனி இழப்பீடு, தனித்தனி அறிவிப்புகள். ஆனால் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு பொதுத்தன்மை புலப்படும். குழந்தைகளைக் கொன்றது மருந்தின் வீரியப் பொருள் அல்ல. அதைக் கரைக்கப் பயன்பட்ட திரவம். தொழிலாளர்களைக் கொன்ற ஆலையில் தயாரானதும் நோய் தீர்க்கும் வீரியப் பொருள் அல்ல. மாத்திரைக்கு வடிவம் கொடுக்கும் தூள். மருந்துத் துறையில் இவை துணைப்பொருள்கள் எனப்படுகின்றன. மாத்திரையிலும் சிரப்பிலும் பெரும்பகுதி இத்தகைய பொருள்களே. இருந்தும், மருந்தைச் சோதிப்போரின் கண்ணும் ஆலையைச் சோதிப்போரின் கண்ணும் கடைசியாகச் சென்று சேரும் இடம் அதுதான்.

சிந்த்வாராவில் நடந்தது என்ன?

சிந்த்வாரா மாவட்டத்தின் பராசியா பகுதியைச் சேர்ந்த குழந்தைகள் சளிக்கு மருந்து உட்கொண்ட சில நாள்களில் வாந்தி எடுக்கத் தொடங்கினர்; பின்னர் சிறுநீர் வெளியேறுவது நின்றது. பலர் மகாராஷ்டிரத்தின் நாக்பூருக்குக் கொண்டு செல்லப்பட்டனர். தொடக்கத்தில் தொற்றுநோய் என்ற கோணத்தில் குடிநீரும் கொசுக்களும் ஆராயப்பட்டன. சிறுநீரகத் திசுப் பரிசோதனையில் நச்சின் தடயம் தெரிந்த பிறகே கவனம் மருந்துப் புட்டியின் பக்கம் திரும்பியது.

அந்தப் புட்டி, தமிழகத்தின் காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் இயங்கிவந்த ஸ்ரீசன் பார்மா நிறுவனத்தின் ‘கோல்ட்ரிஃப்’ சிரப். மத்தியப் பிரதேச அதிகாரிகளின் தகவலைத் தொடர்ந்து அக்டோபர் முதல் இரு நாள்களில் தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அந்த ஆலையைச் சோதனையிட்டது. எஸ்ஆர்-13 என்ற தொகுதியைச் சேர்ந்த சிரப்பில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு வேதிப்பொருள் 48.6 சதவீதம் இருந்தது ஆய்வகத்தில் உறுதியானது. அனுமதிக்கப்பட்ட உச்சவரம்பு 0.1 சதவீதம். அதாவது, புட்டியில் இருந்ததில் ஏறத்தாழப் பாதி நஞ்சு.

ஆலையில் 350-க்கும் மேற்பட்ட விதிமீறல்கள் பதிவு செய்யப்பட்டன. உரிமையாளர் சென்னையில் கைது செய்யப்பட்டார்; உற்பத்தி உரிமம் ரத்தானது; ஆலையைக் கண்காணித்திருக்க வேண்டிய மருந்து ஆய்வாளர்கள் இருவர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டனர். மருந்தை எழுதிக்கொடுத்த மருத்துவரும் மத்தியப் பிரதேசத்தில் கைதானார். தரமற்ற மருந்துக்கு மருத்துவரைப் பொறுப்பாக்குவது முறையல்ல என இந்திய மருத்துவச் சங்கம் எதிர்ப்புத் தெரிவித்தது.

இந்த நடவடிக்கைகளின் வேகம் பாராட்டத்தக்கது. தகவல் கிடைத்த ஓரிரு நாள்களுக்குள் நஞ்சைக் கண்டறிய ஓர் அரசு ஆய்வகத்தால் முடிந்தது. எனில், 350-க்கும் மேற்பட்ட குறைபாடுகள் உள்ள ஓர் ஆலை, குழந்தைகள் இறக்கும்வரை எவர் கண்ணிலும் படாமல் எவ்வாறு இயங்கியது என்ற கேள்வி எழுகிறது. அத்தனை குறைபாடுகள் ஒரே இரவில் தோன்றியிருக்க வாய்ப்பில்லை.

ஒரே நஞ்சு, மீண்டும் மீண்டும்

டைஎத்திலீன் கிளைகால் புதிய ஆபத்து அல்ல. 1937-இல் அமெரிக்காவில் ‘எலிக்சிர் சல்பனிலமைடு’ என்ற திரவ மருந்தில் இதைக் கரைப்பானாகப் பயன்படுத்தியதில் நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் விளைவாக 1938-இல் அந்நாடு புதிய மருந்துச் சட்டத்தை இயற்றியது. மருந்தை விற்கும் முன் அதன் பாதுகாப்பை உற்பத்தியாளர் நிரூபிக்க வேண்டும் என்ற கோட்பாடு அப்போதுதான் அங்கு சட்டமானது.

இந்தியாவின் பட்டியல் நீண்டது. 1972-இல் சென்னையில் 15 குழந்தைகள். 1986-இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் கலப்படக் கிளிசரின் கொடுக்கப்பட்ட 14 நோயாளிகள். 1998-இல் குருகிராமில் 33 குழந்தைகள். 2019-20-இல் ஜம்மு பகுதியின் ராம்நகரில் குறைந்தது 12 குழந்தைகள். ஜே.ஜே. மருத்துவமனை மரணங்களை விசாரித்த நீதிபதி லெண்டின் ஆணையம், மருந்துக் கொள்முதலிலும் கட்டுப்பாட்டு நிர்வாகத்திலும் நிலவிய சீர்கேடுகளை 1988-இலேயே விரிவாக எடுத்துரைத்தது.

2022-இல் இந்தத் துயரம் எல்லை கடந்தது. மேற்கு ஆப்பிரிக்க நாடான காம்பியாவில் சுமார் 70 குழந்தைகளின் மரணத்துடன் ஹரியாணாவின் மெய்டன் பார்மசூட்டிகல்ஸ் நிறுவனத்தின் நான்கு சிரப்புகளைத் தொடர்புபடுத்தி, உலக சுகாதார அமைப்பு அக்டோபர் 5-ஆம் தேதி எச்சரிக்கை விடுத்தது. அந்நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. தங்கள் ஆய்வில் மாதிரிகள் தரமாகவே இருந்தன என இந்திய அதிகாரிகள் கூறினர். அதே ஆண்டு டிசம்பரில் உஸ்பெகிஸ்தானில் குழந்தைகள் இறந்தபோது, நொய்டாவின் மாரியன் பயோடெக் நிறுவனத்தின் பெயர் அடிபட்டது. இந்தோனேசியாவில் உள்ளூர்த் தயாரிப்புகளால் 200-க்கும் மேற்பட்ட குழந்தைகள் மாண்டனர். எனவே, இது இந்தியாவுக்கு மட்டுமே உரிய சிக்கல் அல்ல. ஆயினும், ‘உலகின் மருந்தகம்’ என்று தன்னை அழைத்துக்கொள்ளும் நாட்டுக்கு இதில் கூடுதல் பொறுப்பு உண்டு.

நஞ்சு நுழையும் வழி

பாராசிட்டமால் போன்ற சில மருந்துகள் நீரில் எளிதில் கரைவதில்லை. எனவே சிரப் தயாரிப்பில் புரோப்பிலீன் கிளைகால், கிளிசரின், சார்பிட்டால் போன்றவை சேர்க்கப்படுகின்றன. இவற்றில் புரோப்பிலீன் கிளைகாலுக்கு மருந்துத் தரம், தொழிற்சாலைத் தரம் என இரு வகைகள் உண்டு. பிந்தையது மலிவானது, பெயின்ட், பிசின், குளிரூட்டித் திரவம் போன்றவற்றுக்கானது. டைஎத்திலீன் கிளைகாலோ அதைவிட மலிவு. வாகனங்களின் பிரேக் திரவத்தில் பயன்படும் இந்தப் பொருளும் நிறமற்றது, பாகு போன்றது, இனிப்பானது. கண்ணாலோ நாவாலோ இரண்டையும் வேறுபடுத்த இயலாது.

இடைத்தரகர்கள் வழியே பீப்பாய் கைமாறும்போது, எங்கோ ஓரிடத்தில் பெயர்ச்சீட்டு மட்டும் மாறிவிடுகிறது. அது பேராசையால் நிகழலாம், அலட்சியத்தாலும் நிகழலாம். சான்றிதழில் ஒன்று, பீப்பாயில் வேறொன்று என்ற நிலையில், ஆலைக்குள் வரும் ஒவ்வொரு பீப்பாயையும் சோதிப்பது மட்டுமே தற்காப்பு. வாயு நிறப்பிரிகைக் கருவி கொண்டு செய்யப்படும் இச்சோதனை அரிய தொழில்நுட்பம் அல்ல. குறைந்த செலவில் செய்யக்கூடிய எளிய முதல்நிலைச் சோதனை முறைகளும் உள்ளன.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. மருந்துகள் விதிகள் 1945-இன்படி, ஒவ்வொரு தொகுதி மூலப்பொருளையும், ஒவ்வொரு தொகுதி முடிவுற்ற மருந்தையும் சோதித்து ஆவணப்படுத்துவது உற்பத்தியாளரின் கடமை. இந்திய மருந்து தலைமைக் கட்டுப்பாட்டாளர் அலுவலகம் 2025 அக்டோபரில் மாநிலங்களுக்கு அனுப்பிய அறிவுறுத்தலும் இந்தப் பழைய விதியையே நினைவூட்டியது. நினைவூட்ட வேண்டியிருந்தது என்பதே விதி எந்த அளவுக்குப் பின்பற்றப்பட்டது என்பதற்குச் சாட்சி.

ஏற்றுமதிக்கு ஒரு வாயில், உள்நாட்டுக்கு வேறு

காம்பியா, உஸ்பெகிஸ்தான் நிகழ்வுகளுக்குப் பிறகு மத்திய அரசு ஒரு முக்கிய முடிவை எடுத்தது. 2023 ஜூன் 1 முதல், ஏற்றுமதியாகும் ஒவ்வொரு இருமல் மருந்துத் தொகுதியும் அரசு அங்கீகரித்த ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டுச் சான்று பெற வேண்டும் என்பதே அது. நாட்டின் நற்பெயரைக் காக்க அது அவசியமாக இருந்தது.

ஆனால் உள்நாட்டுச் சந்தைக்குச் செல்லும் சிரப்புகளுக்கு இத்தகைய முன்சோதனை கட்டாயமாக்கப்படவில்லை. அங்கு உற்பத்தியாளரின் சொந்தச் சோதனையே போதுமானதாகக் கருதப்பட்டது. இதன் விளைவு: அயல்நாட்டுக் குழந்தைக்குச் செல்லும் மருந்து இரண்டாவது கண்ணின் பார்வையைக் கடந்து சென்றது, சிந்த்வாரா குழந்தைக்குச் சென்ற மருந்துக்கு அந்த இரண்டாவது கண் இல்லை. நஞ்சு எது, அது எந்த வகை மருந்தில் வருகிறது, அதைப் பிடிக்கும் சோதனை எது என்பதெல்லாம் 2023-இலேயே தெரிந்திருந்தன. அந்த அறிவு உள்நாட்டுக்குப் பயன்படுத்தப்படாமல் போனதே இந்த விவகாரத்தின் மிகப் பெரிய கொள்கைப் பிழை.

சிந்த்வாராவுக்குப் பிறகு சில திருத்தங்கள் நடந்துள்ளன. விற்பனைக்கு அனுப்பும் முன் வாய்வழித் திரவ மருந்துகளில் இந்த நச்சுகளுக்கான சோதனையைக் கட்டாயமாக்கும் வகையில் இந்திய மருந்துத் தரநூல் திருத்தப்பட்டது. புரோப்பிலீன் கிளைகால் உள்ளிட்ட அபாயம் மிகுந்த கரைப்பான்களின் விநியோகத்தை இணையவழி உரிம அமைப்பில் பின்தொடரும் ஏற்பாடும் அறிவிக்கப்பட்டது. பீப்பாய் எங்கிருந்து கிளம்பி யார் கைக்குச் சென்றது என்பது தெரிந்தால், கலப்படத்தின் பாதி வழி அடைபடும். ரசீதின்றி நடக்கும் கொள்முதலும் இந்த வலையில் சிக்குமா என்பதில்தான் இந்த ஏற்பாட்டின் வெற்றி அடங்கியுள்ளது.

ஆலைக்குள் இருப்பவர்களின் கதை

மருந்தின் தரம் குறித்த விவாதத்தில் அதைத் தயாரிக்கும் கைகள் பெரும்பாலும் மறக்கப்படுகின்றன. பாசமைலாரம் ஆலையில் தயாரானது நுண்படிக செல்லுலோஸ். மரக்கூழிலிருந்து பெறப்படும் இந்த வெண்தூள், மாத்திரைகளை இறுக்கிப் பிடிக்கவும் நிரப்பவும் உலகெங்கும் பயன்படுகிறது. உட்கொள்பவருக்கு இதனால் தீங்கில்லை. ஆனால் மாவு, சர்க்கரை, மரத்தூள் போலவே, மூடிய இடத்தில் மெல்லிய தூசியாகக் காற்றில் மிதக்கும்போது ஒரு தீப்பொறி போதும். அது வெடிமருந்தாக மாறிவிடும். முதல் வெடிப்பின் அதிர்வில் உத்தரங்களிலும் குழாய்களிலும் படிந்திருக்கும் தூசி கிளம்பி, இரண்டாவது, இன்னும் பெரிய வெடிப்பு நிகழ்வதும் உண்டு.

தூளை உலர்த்தும் பிரிவில் நேர்ந்த வெடிப்பு கட்டடத்தையே தரைமட்டமாக்கியது. பிகார், ஒடிசா உள்ளிட்ட மாநிலங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள் இறந்தவர்களில் அதிகம். பல உடல்கள் மரபணுச் சோதனை மூலமே அடையாளம் காணப்பட்டன. விபத்தை ஆராயத் தெலங்கானா அரசு நிபுணர் குழுவை அமைத்தது.

அதற்கு முந்தைய ஆண்டில், 2024 ஆகஸ்ட் 21 அன்று, ஆந்திரத்தின் அனகாபள்ளி மாவட்டம் அச்யுதாபுரம் சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் எசென்ஷியா நிறுவனத்தின் ஆலையில் 17 பேர் உயிரிழந்தனர். அங்கு கசிந்தது ஒரு கரைப்பான். அதன் ஆவி பரவித் தீப்பற்றியது. அங்கும் ஆபத்து பிறந்தது, மருந்தாக நோயாளியைச் சென்றடையாத ஒரு பொருளிலிருந்துதான்.

தூசியை நாள்தோறும் அகற்றுவது, தீப்பொறி எழாத மின்சாதனங்களைப் பொருத்துவது, வெடிப்பழுத்தம் வெளியேறப் பலவீனமான பலகைகளை அமைப்பது, அபாயப் பகுதியில் தேவைக்கு மேல் ஆள்களை நிறுத்தாதிருப்பது எனத் தற்காப்பு முறைகள் நன்கு அறியப்பட்டவை. அவற்றைச் செய்ததற்கான பதிவேடு ஒவ்வொரு நாளும் நேர்மையாக நிரப்பப்பட வேண்டும். இங்கேதான் இரு துயரங்களும் ஒன்றையொன்று சந்திக்கின்றன. பீப்பாயைச் சோதிக்காமலே ‘சோதிக்கப்பட்டது’ என எழுதும் பழக்கமும், இயந்திரத்தைப் பராமரிக்காமலே ‘பராமரிக்கப்பட்டது’ என எழுதும் பழக்கமும் ஒரே நிர்வாகப் பண்பாட்டின் இரு முகங்கள். முன்னதன் விலையை நோயாளி கொடுக்கிறார்; பின்னதன் விலையைத் தொழிலாளி கொடுக்கிறார்.

ஒரே ஆலை, இரு துறைகள்

ஒரு மருந்தாலையின் வாயிலில் மருந்து ஆய்வாளர் நுழையலாம். தொழிற்சாலை ஆய்வாளரும் நுழையலாம். முன்னவர் மாநில சுகாதாரத் துறைக்கும், பின்னவர் தொழிலாளர் அல்லது தொழில் துறைக்கும் அறிக்கை தருகிறார். ஒருவர் கண்ட குறை மற்றவருக்குத் தெரிய நிலையான வழி இல்லை. துப்புரவற்ற கூடம், தகுதியற்ற பணியாளர், பொய்ப் பதிவேடு ஆகியவற்றில் எதையேனும் ஒருவர் கண்டால், அது மற்றவருக்கும் எச்சரிக்கை மணியாக ஒலித்திருக்க வேண்டும்.

ஆள் பற்றாக்குறை மற்றொரு பழைய நோய். 50 உற்பத்தி நிறுவனங்களுக்கு ஒருவர், 200 விற்பனை நிலையங்களுக்கு ஒருவர் என்ற விகிதத்தில் மருந்து ஆய்வாளர்கள் வேண்டும் என மஷேல்கர் குழு 2003-இல் பரிந்துரைத்தது. இரு பத்தாண்டுகள் கடந்தும் பல மாநிலங்களில் இப்பணியிடங்கள் முழுமையாக நிரப்பப்படவில்லை. இதற்கிடையே, தொழில் தொடங்குவதை எளிதாக்கும் நோக்கில் 2017-இல் விதிகள் திருத்தப்பட்டன. உரிமங்கள் காலவரையறையற்றவையாயின, ஆலைச் சோதனை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும், அல்லது அபாயத்தின் அடிப்படையில் நடக்க வேண்டும் என்றானது. அபாயத்தை அளவிடும் திறன் வலுவாக இருந்தால் இது அறிவார்ந்த முறை. அது இல்லாவிடில், கண்காணிப்பின் இடைவெளி மட்டுமே நீளும்.

தொழிலாளர் பாதுகாப்பிலும் இதே திசை தெரிகிறது. 2025 நவம்பர் 21-ஆம் தேதி நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. 40 வயதைக் கடந்த தொழிலாளர்களுக்கு ஆண்டுதோறும் இலவச மருத்துவப் பரிசோதனை, எழுத்துப்பூர்வப் பணி நியமனக் கடிதம் போன்ற வரவேற்கத்தக்க அம்சங்கள் அவற்றில் உள்ளன. அதே வேளையில், மின்சக்தியைப் பயன்படுத்தும் இடம் ‘தொழிற்சாலை’ எனக் கருதப்பட 10 தொழிலாளர்கள் போதும் என்றிருந்தது 20 ஆக உயர்ந்துள்ளது. ஆய்வாளர், ‘ஆய்வாளர் மற்றும் வழிகாட்டுநர்’ ஆகியுள்ளார். ஆய்வுக்கான இடங்களைக் கணினி தெரிவு செய்யும். அபாயகரமான பணிகள் நடக்கும் இடங்களுக்கு, ஆள் எண்ணிக்கை எவ்வளவு குறைவாயினும் சட்டத்தைப் பொருத்த அரசுகளுக்கு அதிகாரம் உண்டு. மருந்து வேதிப்பொருள் கூடங்கள் விஷயத்தில் மாநிலங்கள் இந்த அதிகாரத்தைத் தயங்காமல் பயன்படுத்துமா என்பதே முக்கியம்.

சிறு நிறுவனங்களின் வாதம்

நாட்டில் சுமார் 10,500 மருந்து உற்பத்திக் கூடங்கள் இருப்பதாகவும், அவற்றில் சுமார் 8,500 சிறு, குறு, நடுத்தரப் பிரிவைச் சேர்ந்தவை என்றும் மத்திய அரசு 2023-இல் தெரிவித்தது. ஏறத்தாழ 2,000 கூடங்களிடமே உலக சுகாதார அமைப்பின் நல்லுற்பத்தி நெறிமுறைச் சான்று இருந்தது. திருத்தப்பட்ட ‘அட்டவணை எம்’ எனும் உற்பத்தி நெறிமுறைகள் அனைவருக்கும் பொருந்தும் என அறிவிக்கப்பட்டபோது, ஆண்டு விற்றுமுதல் 250 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட நிறுவனங்களுக்கு ஆறு மாத அவகாசமும், மற்றவற்றுக்கு ஓராண்டும் தரப்பட்டன. மேம்பாட்டுத் திட்டத்துடன் விண்ணப்பித்த சிறு நிறுவனங்களுக்கு அது 2025 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது.

மேம்பாட்டுக்கான செலவைத் தாங்க இயலாமல் பல கூடங்கள் மூடப்படும், மலிவு மருந்துகளுக்குத் தட்டுப்பாடு வரும், ஆயிரக்கணக்கானோர் வேலை இழப்பர் என்பது சிறு நிறுவனங்களின் வாதம். இதை முற்றிலும் புறந்தள்ள முடியாது. அரசு மருத்துவமனைகளுக்கும் சிற்றூர் மருந்தகங்களுக்கும் குறைந்த விலையில் மருந்து வழங்குவதில் இவற்றின் பங்கு பெரிது. விலை ஒன்றையே அளவுகோலாகக் கொள்ளும் கொள்முதல் முறை, தரத்துக்குச் செலவிடும் நேர்மையான சிறு நிறுவனத்தையே முதலில் தண்டிக்கிறது என்பதும் உண்மை.

ஆனால் இதற்குத் தீர்வு தரத்தைத் தள்ளிப்போடுவது அல்ல. தொழிற்பேட்டைகளில் பல நிறுவனங்கள் பகிர்ந்துகொள்ளும் பொதுச் சோதனைக் கூடங்கள், கருவிகளுக்குக் குறைந்த வட்டிக் கடன், பாதுகாப்புப் பொறியாளர்களின் கூட்டுச் சேவை ஆகியவை சாத்தியமான வழிகள். கரைப்பானைச் சோதிக்க வசதியில்லாத கூடத்துக்குத் தேவை இன்னோர் ஆண்டு அவகாசம் அல்ல. சோதிக்க ஓர் இடம்.

பொறுப்பின் ஏணி

ஒவ்வொரு முறையும் நடவடிக்கை மரணத்துக்குப் பின்னரே தொடங்குகிறது. கைது, உரிம ரத்து, பணியிடைநீக்கம், இழப்பீடு என்ற வரிசையும் மாறுவதில்லை. தண்டனை தேவைதான். ஆனால் அது அடுத்த நஞ்சைத் தடுக்கும் கருவியாக வேண்டுமெனில் மூன்று செயல்கள் உடனடியாகத் தேவை. சந்தையிலிருந்து எடுக்கும் மாதிரிகளைப் போலவே, ஆலைக்குள் நுழையும் கரைப்பான்களிலும் அரசு முன்னறிவிப்பின்றி மாதிரி எடுக்க வேண்டும். எந்த ஆலை எப்போது சோதிக்கப்பட்டது, என்ன குறை காணப்பட்டது என்பது பொதுவெளியில் வைக்கப்பட வேண்டும். மருந்து ஆய்வாளர், தொழிற்சாலை ஆய்வாளர் ஆகியோரின் அறிக்கைகள் ஒரே கோப்பில் சேர வேண்டும்.

திரும்பப் பெறும் முறையும் வலுப்பட வேண்டும். தடை அறிவிக்கப்பட்ட பிறகும் வீட்டு அலமாரியிலும் சிற்றூர்க் கடையிலும் புட்டிகள் மிஞ்சியிருக்கும். ஒரு தொகுதி எந்தெந்தக் கடைக்குச் சென்றது என்பதைச் சில மணி நேரத்தில் கண்டறிய இயலாவிடில், ஆய்வக அறிக்கை எவ்வளவு விரைவாக வந்தாலும் பயன் குறைவு.

பெற்றோரைப் பொறுத்தவரை, மத்திய சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்குநரகம் 2025 அக்டோபர் 3-ஆம் தேதி வெளியிட்ட அறிவுரை தெளிவானது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளைப் பரிந்துரைக்கவோ கொடுக்கவோ கூடாது. ஐந்து வயதுக்குட்பட்டோருக்கும் பொதுவாக அவை பரிந்துரைக்கப்படுவதில்லை. குழந்தைகளின் இருமல் பெரும்பாலும் மருந்தின்றியே தானாகக் குணமாகும். மருந்து உட்கொண்ட குழந்தைக்குத் தொடர் வாந்தியோ சிறுநீர் குறைவோ தென்பட்டால் தாமதமின்றி மருத்துவமனையை அணுக வேண்டும். மருந்துப் புட்டியையும் உடன் எடுத்துச் செல்வது சிகிச்சைக்கு உதவும்.

ஆனால் எச்சரிக்கையின் சுமையைப் பெற்றோர் மீது மட்டும் ஏற்றிவிட முடியாது. கடையில் வாங்கிய சிரப்பைச் சோதித்துப் பார்க்க எந்தத் தாயாலும் இயலாது; தான் நிற்கும் கூடத்தின் தூசி எப்போது வெடிக்கும் என்பதை அளந்தறிய எந்த ஒப்பந்தத் தொழிலாளியாலும் இயலாது. இருவரும் நம்புவது, தங்களுக்கு முன்பே யாரோ ஒருவர் அதைச் சோதித்திருப்பார் என்பதைத்தான். ஆண்டுக்குச் சுமார் 3,000 கோடி டாலர் மதிப்புள்ள மருந்துகளை உலகுக்கு அனுப்பும் தொழில், சிந்த்வாராவிலும் பாசமைலாரத்திலும் அந்த நம்பிக்கையைக் காக்கத் தவறியது. அடுத்த சோதனை நடக்க வேண்டிய இடம் பிணவறை அல்ல, ஆலையின் வாயில்.